பிடித்துவிட்டதா, டாக்டர்? எண்ணைச் சொல்லுங்கள்

இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். சர்க்கரை அளவும் பலருக்கு மனப்பாடம். கொழுப்புக்கு ஓர் எண், மூக்குக் கண்ணாடிக்கு ஓர் எண், கார் டயரின் காற்றுக்குக்கூட ஓர் எண் இருக்கிறது. ஆனால், பல ஆயிரம் ரிங்கிட் செலவழித்துத் தாடை எலும்பில் இம்பிளாண்ட் பதித்துக்கொண்டவரிடம், அது எலும்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா பிடிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

அந்த உறுதியையும் அளக்க முடியும். வலியில்லை, கதிர்வீச்சில்லை, சில விநாடிகளே ஆகும். 1996ஆம் ஆண்டு முதல் இதற்கான முறை ஆய்வு இதழ்களில் விவாதிக்கப்பட்டு, கருவியாகவும் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்படி அளந்த எண்ணைத் தேதியோடு எழுதி நோயாளியின் கையில் கொடுப்பது வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. சர்க்கரை நோய் அதிகமுள்ள நம் சமூகத்திற்கு இது ஆடம்பரத் தேவையல்ல.

முருங்கைப் போத்து சொல்லும் பாடம்

இம்பிளாண்ட் என்பது பல் அல்ல. பல்லின் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கப்படும் டைட்டேனியத் திருகு. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம். அது எலும்போடு ஒன்றிய பிறகு, அதன்மேல் 'கிரவுன்' எனப்படும் செயற்கைப் பல்லைப் பொருத்துவார்கள்.

எலும்பு இந்தத் திருகைப் பிடித்துக்கொள்வது இரண்டு கட்டங்களில் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வீட்டு வேலியோரம் நடும் முருங்கைப் போத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டி, போத்தை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்குகிறோம். அன்றைக்கே அது ஆடாமல் நிற்கிறது. ஆனால் அதற்கு இன்னும் வேரில்லை. நாம் மிதித்த மண்ணின் இறுக்கம்தான் அதைப் பிடித்திருக்கிறது. நாலு மழை பெய்து மண் இளகும்போது அந்தப் பிடி தளர்கிறது. பிறகு மெல்ல வேர்விட்டு, வேரின் பலத்தில் நிற்கத் தொடங்குகிறது. முதல் பிடி தளர்ந்து இரண்டாவது பிடி வருவதற்கு இடைப்பட்ட வாரங்கள்தான் ஆபத்தான காலம். அந்த நேரத்தில் ஆடு வந்து உரசினாலே போதும், போத்து பட்டுப்போகும்.

தாடையிலும் இதே கதைதான். திருகை முறுக்கி ஏற்றும்போது எலும்பு அதை நெருக்கிப் பிடிக்கிறது. இது முதல்நிலை உறுதி. துளையிட்டபோது அடிபட்ட மெல்லிய எலும்பு அடுக்கை உடல் முதலில் கரைத்து அகற்றுகிறது. பின்னர்தான் புதிய எலும்பைக் கட்டுகிறது. புதிய எலும்பு டைட்டேனியத்தின் மேற்பரப்போடு ஒட்டி வளர்வதால் கிடைப்பது இரண்டாம்நிலை உறுதி. ஒன்று இறங்கி மற்றொன்று ஏறும் இடைவெளி, நல்ல உடல்நிலை உள்ளவருக்குப் பொதுவாக மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒட்டி வருகிறது.

அந்த வாரங்களில் கடிக்கும் விசையால் திருகு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு உருவாகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 150 மைக்ரோமீட்டர் என்பது இரண்டு தலைமுடிகளை அடுக்கிவைத்த அளவுதான். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அசைவு இது.

முருங்கை வேர்விட்டதா என்று அதைப் பிடுங்கிப் பார்க்க முடியாது. தினமும் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் திட்டுவதற்குக் காரணம் உண்டு. இம்பிளாண்டுக்கும் அதே சிக்கல். பிடித்துவிட்டதா என்று திருப்பி முறுக்கிச் சோதித்தால், அந்தச் சோதனையே புதிதாக வளர்ந்த எலும்பை அறுத்துவிடக்கூடும். சேதப்படுத்தாமல் சோதிப்பது எப்படி என்பதுதான் அறிவியலின் முன் நின்ற கேள்வி.

முயல் எலும்பிலிருந்து தொடங்கியது

இத்துறையின் தொடக்கமே எதிர்பாராத ஒன்று. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்க்க விரும்பினார். டைட்டேனியத்தால் செய்த சிறு கண்காணிப்புக் குழாயை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது.

1965இல் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டேனிய இம்பிளாண்ட் பதிக்கப்பட்டது. 2006இல் அவர் இறக்கும் வரை அவை பயன்பட்டன. 1982இல் கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்த மாநாட்டிற்குப் பிறகு உலகின் மற்ற பகுதிகளும் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

பிரோனமார்க் காலத்து விதி எளிமையானது. கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்த்தாடையில் 6 மாதமும் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே பல் பொருத்தலாம். உள்ளே நடப்பதை அளக்க வழியில்லாததால், எல்லாருக்கும் போதுமான அளவு காலத்தைப் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்டார்கள். இன்று நிலைமை வேறு. இம்பிளாண்டுகளின் மேற்பரப்பு மேம்பட்டிருக்கிறது. ஆறு வாரம், எட்டு வாரம் என்று காலம் குறைந்துவிட்டது. "ஒரே நாளில் பல்" என்ற விளம்பரங்களும் வருகின்றன. தகுந்த எலும்பும் தகுந்த முதல்நிலை உறுதியும் இருந்தால் ஒரே நாளில் பல் பொருத்துவது ஏற்கப்பட்ட சிகிச்சைமுறைதான். ஆனால், காத்திருக்கும் காலத்தைக் குறைக்கக் குறைக்க, அளவீட்டின் தேவை கூடுகிறது.

தட்டிப் பார்ப்பது, முறுக்கிப் பார்ப்பது, படம் எடுப்பது

எண் இல்லாமல் மருத்துவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன.

ஒன்று, கருவியின் கைப்பிடியால் தட்டிக் கேட்பது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்வதைப் போல. கணீரென்ற ஒலி நல்லது, மந்தமான ஒலி கெட்டது. அனுபவமுள்ள காதுக்கு இது உதவும். ஆனால் இரண்டு காதுகள் இரண்டு விதமாகச் சொல்லும்; எழுதி வைக்கவும் முடியாது.

இரண்டாவது, பதிக்கும்போது எவ்வளவு முறுக்குவிசை தேவைப்பட்டது என்று பார்ப்பது. உடனடியாகப் பல் பொருத்த 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்பதை ஒரு வரம்பாகப் பலரும் சொல்வதுண்டு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மூன்றரை சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்கு அது. நல்ல அளவீடுதான். ஆனால் திருகு ஏறும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே கிடைக்கும். நான்காவது வாரத்தில் என்ன நிலை என்று மறுபடி முறுக்கிப் பார்க்க முடியாது.

மூன்றாவது எக்ஸ்ரே. எலும்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். ஆனால் சாதாரணப் பல் எக்ஸ்ரே ஒரு தட்டையான நிழல். திருகின் முன்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள எலும்பைத் திருகின் நிழலே மறைத்துவிடும். எலும்பு அருகில் இருப்பதை அது சொல்லலாம். திருகைப் பிடித்திருப்பதைச் சொல்லாது.

மேசை விளிம்பில் ஒரு அளவுகோல்

நான்காம் படிவ இயற்பியலில் 'அலைகள்' பாடத்தில் ஒத்ததிர்வு வருகிறது. பாடநூலில் மாணவர்கள் 'ரெசோனன்ஸ்' என்று படிப்பது இதைத்தான். எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் அதைத் தூண்டினால் அதிர்வு மிகப் பெரிதாகும்.

வகுப்பில் நான் இதை ஓர் அளவுகோலைக் கொண்டு காட்டுவேன். அளவுகோலின் ஒரு பகுதியை மேசையில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய முனையைச் சுண்டிவிட்டால் 'டுர்ர்' என்று ஒலிக்கும். வெளியே நீட்டும் நீளத்தைக் குறைத்தால் ஒலி கூர்மையாகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இப்போது நீளத்தை மாற்றாமல், அழுத்திப் பிடித்த கையை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒலி தணிந்து, மந்தமாகிவிடும். பிடி இறுகினால் அதிர்வெண் கூடும், பிடி தளர்ந்தால் குறையும். அளவுகோலை இழுத்துப் பார்க்காமலே, ஒலியை வைத்து அதன் பிடியைச் சொல்லிவிடலாம்.

1996இல் நீல் மெரிடித் என்னும் பல் மருத்துவ ஆய்வாளர், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயந்திரப் பொறியியலாளர் பீட்டர் கௌலி உள்ளிட்டோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதே கருத்தைத்தான் இம்பிளாண்டுக்குக் கொண்டுவந்தது. கௌலியின் துறை, பொருள்களை உடைக்காமல் அவற்றின் குறைகளைக் கண்டுபிடிப்பது. விமானப் பாகத்திலும் குழாயிலும் விரிசல் தேடும் அறிவு, பல் மருத்துவத்திற்குப் பயன்பட்டது. பின்னர் சுவீடனில் 'ஓஸ்டெல்' என்ற பெயரில் இது கருவியாக வந்தது.

இன்றைய கருவியில், காந்தம் பொருத்திய ஒரு சிறு உலோகக் குச்சியை இம்பிளாண்டின் மேல் விரலால் திருகிப் பொருத்துகிறார்கள். பேனா போன்ற கருவியை அருகில் கொண்டுவந்தால், அது காந்தத் துடிப்புகளை அனுப்பிக் குச்சியை அதிரவைக்கிறது. அந்த அதிர்வெண், நொடிக்குச் சில ஆயிரம் முறை என்ற அளவில் இருக்கும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. குச்சி எந்த அதிர்வெண்ணில் மிக அதிகமாக அதிர்கிறது என்பதைக் கருவி கண்டுபிடித்து, 1 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இதற்கு 'இம்பிளாண்ட் நிலைத்தன்மை ஈவு' என்று பெயர், சுருக்கமாக ஐ.எஸ்.கியூ. எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இருக்காது என்பதால், கன்னத்துப் பக்கத்திலிருந்து ஒரு முறையும் பல்வரிசையின் திசையில் ஒரு முறையும் அளக்க வேண்டும்.

இதற்கு முன்பே ஜெர்மனியில் 1980களில் பெரியோடெஸ்ட் என்ற கருவி வந்திருந்தது. அது 4 விநாடியில் 16 முறை மெல்லத் தட்டி, தட்டிய கம்பி எவ்வளவு விரைவாக மீள்கிறது என்று அளக்கும். முதலில் இயற்கைப் பல்லின் ஆட்டத்தை அளக்க உருவாக்கப்பட்டு, பிறகு இம்பிளாண்டுக்கும் பயன்பட்டது. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் எண் மாறிவிடும் என்பது அதன் குறை.

எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

பொதுவாக 60க்குக் கீழ் குறைந்த உறுதி, 60 முதல் 69 வரை நடுத்தரம், 70க்கு மேல் அதிக உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது தேர்வு மதிப்பெண் அல்ல. 70 என்றால் எழுபது விழுக்காடு எலும்பு பிடித்துவிட்டது என்று பொருளில்லை. எலும்பும் திருகும் சேர்ந்த அமைப்பு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. எவ்வளவு பரப்பில் எலும்பு ஒட்டியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குத் திருகை எலும்போடு வெட்டி எடுக்க வேண்டும்.

இடத்துக்கு இடமும் எண் மாறும். தோட்டத்துச் செம்மண்ணில் நட்ட கம்பமும் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க மணலில் நட்ட கம்பமும் ஒரே மாதிரி நிற்குமா? கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு அடர்த்தியானது. மேல்த்தாடையின் பின்பகுதி மென்மையானது. 1985இல் லெக்ஹோம், ஸார்ப் இருவரும் தாடை எலும்பை அடர்த்திக்கு ஏற்ப நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அந்தப் பிரிவுதான் வழக்கில் உள்ளது. மென்மையான இடத்தில் 62 வந்தவர், கெட்டியான இடத்தில் 78 வந்தவரோடு ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை.

ஒரே ஓர் அளவீட்டை வைத்து இந்த இம்பிளாண்ட் நிலைக்கும், இது விழும் என்று சோதிடம் சொல்ல முடியாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள். எண்ணின் உண்மையான பயன் ஒப்பீட்டில் இருக்கிறது. அதே இம்பிளாண்டில், பதித்த அன்று எவ்வளவு, ஆறு வாரத்தில் எவ்வளவு, கிரவுன் பொருத்தும் முன் எவ்வளவு? தொடக்கத்தில் 58 ஆக இருந்து 68க்கு ஏறினால் எலும்பு வேலை செய்கிறது. 75இல் தொடங்கி 71க்கு இறங்கி அங்கேயே நின்றால், பெரும்பாலும் அது இயல்பான சரிவு. 74இல் தொடங்கி 66, பிறகு 57 என்று இறங்கிக்கொண்டே போனால், ஏதோ சரியில்லை; காத்திருக்க வேண்டும், காரணம் தேட வேண்டும். இந்த வேறுபாட்டைத் தட்டிப் பார்க்கும் காதால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு முக்கியமான செய்தி. கிரவுனை நிரந்தரமாக ஒட்டிவிட்டால், அதைக் கழற்றாமல் இந்த அளவீட்டை எடுக்க முடியாது. பதித்த நாளின் எண்ணோ, ஒருமுறை தவறவிட்டால் எப்போதும் கிடைக்காது. அளக்கும் வாய்ப்பு சில மாதங்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது.

சர்க்கரையும் எலும்பும்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறுநோயை மோசமாக்கிப் பல்லை விழவைக்கிறது. ஆக, இம்பிளாண்ட் தேடிப் போகும் நம்மவரில் பலர் சர்க்கரை நோயாளிகளாக இருப்பதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் தாமஸ் ஓட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு, இம்பிளாண்ட் பதித்த பின் நான்கு மாதங்களுக்கு ஒத்ததிர்வு முறையில் அளந்துகொண்டே வந்தார்கள். எல்லாருக்கும் 2 முதல் 6 வாரத்திற்குள் உறுதி தாழ்ந்த நிலைக்குப் போனது. ஆனால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 8.1 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு அந்தச் சரிவு ஆழமாக இருந்தது. பழைய நிலைக்குத் திரும்பவும் அதிகக் காலம் பிடித்தது.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரை உள்ளவருக்கு இம்பிளாண்ட் கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நான்கு மாதம் காத்திருந்து பல் பொருத்தியபோது, ஓராண்டு முடிவில் இம்பிளாண்டுகள் நிலைத்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். சர்க்கரை உள்ளவரின் எலும்பும் பிடிக்கிறது. கூடுதல் அவகாசம் கேட்கிறது. எவ்வளவு அவகாசம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அளக்காமல் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பச் செய்தியைச் சொல்கிறேன். என் பெரியப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டி வளர்ந்தவர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட் வைத்துக்கொண்டார். மூன்றாவது மாதத்தில், பல் பொருத்திய சில நாள்களில் ஒன்று ஆடத் தொடங்கிக் கழன்றுவிட்டது. ஆரம்பத்திலேயே எலும்பு போதவில்லையா, இடையில் தளர்ந்ததா, பல் பொருத்திய பிறகு பாரம் தாங்கவில்லையா? யாராலும் சொல்ல முடியவில்லை. ஏனெனில் எந்தக் கட்டத்திலும் எந்த அளவீடும் எழுதப்படவில்லை. பெரியப்பா சண்டைக்குப் போகவில்லை. "நம்ம எலும்பு அவ்வளவுதான் தம்பி. வயசான மரம், வெட்டின பட்டை மூடல" என்றார்.

அது அவருடைய எலும்பின் குற்றமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதற்குக் காரணம் அறிவியல் அல்ல, பதிவு இல்லாததுதான். மூன்று எண்கள் எழுதப்பட்டிருந்தால், அடுத்த இம்பிளாண்டை எப்படி, எப்போது செய்வது என்பதற்காவது அவை வழிகாட்டியிருக்கும்.

மறுப்புகளும் பதில்களும்

இந்தக் கோரிக்கைக்கு நியாயமான மறுப்புகள் உண்டு.

"இந்தக் கருவி வருவதற்கு முன்பே இம்பிளாண்டுகள் வெற்றிகரமாக நடந்தனவே" என்பது முதல் மறுப்பு. உண்மைதான். பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிலைத்திருப்பதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்த வெற்றியின் பெரும்பகுதி மாதக் கணக்கில் காத்திருந்து வந்தது. காத்திருப்பைக் குறைத்துக்கொண்டு, பழைய வெற்றி விகிதத்தை மட்டும் காட்டுவது சரியாகாது.

"அனுபவமுள்ள கைக்கு எண் தேவையில்லை" என்பது இரண்டாவது. கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இறுதி முடிவு மருத்துவருடையதுதான். ஆனால் அனுபவம் மருத்துவரோடு இருந்துவிடுகிறது. நோயாளி வேறு ஊருக்கு மாறினால், அந்த மருத்துவர் ஓய்வுபெற்றால், அடுத்தவர் எதைப் பார்ப்பார்? எழுதிவைத்த எண் ஊர்விட்டு ஊர் போகும்.

"கருவி விலை அதிகம், அந்தச் செலவு நோயாளியின் தலையில்தான் விழும்" என்பது மூன்றாவது. கருவியும் ஒவ்வொரு வகை இம்பிளாண்டுக்கும் ஏற்ற தனிக் குச்சியும் செலவுதான். எல்லாக் கிளினிக்கிலும் அது இருக்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கும், மென்மையான எலும்பில் பதிக்கும்போதும், உடனடியாகப் பல் பொருத்தும்போதும் அளப்பதை நல்ல நடைமுறையாகக் கொள்ளலாம். கழன்று விழுந்ததை மீண்டும் பதிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான்.

"எண்ணைக் கொடுத்தால் நோயாளி பயந்துவிடுவார், பக்கத்து வீட்டாரோடு ஒப்பிடுவார்" என்பது நான்காவது. ஒரு காலத்தில் இரத்த அழுத்தத்திற்கும் இதையே சொல்லியிருப்பார்கள். இன்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிகூடத் தன் இரண்டு எண்களையும் சொல்கிறார். மேல் எண், கீழ் எண் என்று பேரப்பிள்ளைக்கு விளக்கவும் செய்கிறார். எண்ணின் பொருளை விளக்கினால் பயம் குறையும்.

கருவி விற்பவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவும் வேண்டாம். எண் நன்றாக இருந்தும், பின்னாளில் ஈறைச் சுத்தமாக வைக்காததாலும் புகைப்பதாலும் எலும்பு தேய்ந்து இம்பிளாண்டை இழந்தவர்கள் உண்டு. எண் பல் துலக்காது.

நீங்கள் கேட்கக்கூடியவை

முதலில் ஒரு அடிப்படை. 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டத்தின்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருப்பவரே பல் சிகிச்சை செய்யலாம். சமூக ஊடகத்தில் மலிவு விலை காட்டி, வீட்டுக்கே வந்து பல் கட்டுவதாகச் சொல்பவரிடம் எந்த எண்ணையும் கேட்டுப் பயனில்லை.

பதிவு பெற்ற மருத்துவரிடம், நாற்காலியில் சாயும் முன்பே, மரியாதையாகச் சில கேள்விகளைக் கேளுங்கள். "டாக்டர், பதிக்கும்போது எவ்வளவு முறுக்குவிசை வந்தது என்று குறித்துத் தருவீர்களா? உறுதியை அளக்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால், பதிக்கும் நாளிலும் பல் பொருத்தும் முன்பும் அளந்து எழுதித் தர முடியுமா? இல்லையென்றால், பிடித்துவிட்டது என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்?" கடைசிக் கேள்விக்கு நல்ல மருத்துவர் தயங்காமல் பதில் சொல்வார்.

உங்கள் பங்குக்கு, கடைசியாக எடுத்த எச்.பி.ஏ.1சி அளவைக் கொண்டுபோங்கள். சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள். அது அதிகமாக இருந்தால், இம்பிளாண்டைச் சில மாதம் தள்ளிவைத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது நல்லது. ஆனால், எவ்வளவு காலம் தள்ளலாம் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். பல் பிடுங்கிய இடத்தில் ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இம்பிளாண்டின் நிறுவனப் பெயர், வகை, அளவு, தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று அதன் பெட்டியிலேயே வரும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒட்டுத்தாளை ஓர் அட்டையில் ஒட்டி, கீழே மூன்று வரிகள் எழுதினால் போதும்: பதித்த தேதி, முறுக்குவிசை, ஐ.எஸ்.கியூ. எண், இடையில் அளந்த தேதி, எண், பல் பொருத்தும் முன் அளந்த தேதி, எண். சர்க்கரை நோயாளிகள் கிளினிக்கிற்குக் கொண்டுபோகும் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

(கட்டுரையாளர் பேராக், ஜெலாப்பாங்கில் வசிக்கும் இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்.)